அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவே ஒரு பட்டம்

எங்கள் வீட்டு மெத்தையில், அதாவது மாடியில், ஏழு வருஷம் ஓர் இங்கிலீஷ்காரி குடியிருந்தார். புதுச்சேரியில் தோல் வெள்ளையாக இருந்தால் மதாம்தான். அவர் பிரெஞ்சுக்காரி இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. முறைப்படி பார்த்தால் மதாம் என்று கூப்பிடுவது இரண்டு வகையில் தப்பு. ஆனால் முத்தியால்பேட்டையில் யார் முறை பார்த்தார்கள்? பால்காரரிலிருந்து தபால்காரர் வரை மதாம் என்றார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார், அதோடு பெயர் வைக்கிற வேலை முடிந்துவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கைமாற்றிக் கொடுத்த மறு வருஷம் வந்தார். மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கடல் பக்கமாகச் சத்தமில்லாத இடத்தில் இருக்கலாம் என்று வந்தாராம். முத்தியால்பேட்டையில் சத்தம் இல்லை என்று அவருக்கு எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியாது. அவர் பேசிய தமிழ் முழுக்க வார்டில் கற்றுக்கொண்டது. யாராக இருந்தாலும் 'நீ'தான். வந்த முதல் நாள் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீ எப்படி இருக்கே? பசி எடுக்குதா? வெளிக்கு ஒழுங்கா போவுதா?" என்று அக்கறையாக விசாரித்தார். அவர் கொஞ்சம் மானஸ்தர். ஒரு வாரம் மெத்தைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு நொத்தேர் ஆபீஸில் வேலை. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும். எங்கள் ஊரில் வீடு வாங்க, விற்க, உயில் எழுத, பாகம் பிரிக்க எல்லாவற்றுக்கும் நொத்தேர் என்கிற அதிகாரி முன்னால் பிரெஞ்சில் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பத்திரங்களை எழுதுகிறவர் இவர். ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. உலகத்தில் எந்தச் சிக்கலாக இருந்தாலும் சரியாக ஒரு பத்திரம் எழுதினால் தீர்ந்துவிடும் என்று உண்மையிலேயே நம்பினார். ஆபீஸ்களில் இங்கிலீஷ் நுழைய ஆரம்பித்ததும் தன் பிரெஞ்சு செல்லாக்காசாகிவிடும் என்று பயந்தார். வெட்கத்தை விட்டுவிட்டு, சாயங்காலங்களில் மெத்தைக்குப் போய் மதாமிடம் இங்கிலீஷ் கற்றுக்கொண்டார். நான் அரிசி பொறுக்குகிற சாக்கில் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வேன். அவருக்கு ஏறியதைவிட எனக்கு அதிகமாக ஏறியது. இதை அவர் உயிரோடு இருந்தவரை ஒப்புக்கொண்டதில்லை.

மதாம் அதிகம் பேசமாட்டார், ஆனால் முகம் சுண்டி நான் பார்த்ததில்லை. அதனால்தான் ஒருநாள் நான் மெத்தையில் மிளகாய் உலர்த்தப் போனபோது, அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்து நின்றது எனக்கு என்னவோ போல் இருந்தது. என்ன மதாம் என்று கேட்டேன். இங்கிலாந்தில் அவருக்கு ஒரு அக்கா. அந்த அக்காவுக்கு இதயம் சரியில்லையாம். இரண்டு வருஷம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. என்னாலதான் நடக்கல" என்றார்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் உசுரோட இருக்கேன்."

நான் மிளகாயை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அவருடைய அப்பா ஒரு பிரபு. வெறும் பணக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்து ராஜா ஒருவர், சண்டைக்கு ஆளும் பணமும் வேண்டி, நாட்டில் இருந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் ஓலை அனுப்பி, என் சபையில் வந்து உட்கார் என்று கூப்பிட்டிருக்கிறார். மதாமின் முன்னோர் ஒருவர் போய் உட்கார்ந்தார். ஒருமுறை உட்கார்ந்ததுதான். அந்தப் பெருமை அவர் ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்துவிட்டது. அந்தப் பிரபுப் பட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு, அது ஏதோ ஓர் ஊரின் பெயர். அந்த ஊரில் இவர்களுக்கு இப்போது ஒரு குழி நிலம்கூடக் கிடையாதாம். நிலம் கைவிட்டுப் போய்ப் பல தலைமுறை ஆகிறதாம். பெயர் மட்டும் மிச்சம். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் வாயில் அது நுழையவே இரண்டு மாசம் ஆனது.

பட்டம் ஆண் பிள்ளை இருந்தால் மூத்தவனுக்குப் போகும். மதாமுக்கு ஓர் அண்ணன் இருந்தார். முதல் உலகப்போரில் கல்யாணமாகாமலே செத்துப்போனார். பிள்ளை இல்லாவிட்டால் பெண்ணுக்குப் போகும் என்று மதாம் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஒரே பொண்ணுன்னா அவளுக்கு. ரெண்டு பொண்ணுன்னா ரெண்டு பேருக்கும் சமம்."

"மூத்தவங்களுக்குன்னு கிடையாதா?"

"மூத்தது, சின்னது எல்லாம் ஆம்பளைக்குத்தான். பொம்பளை எல்லாரும் ஒண்ணு. பட்டத்த ரெண்டா வெட்ட முடியாது. அதனால யாருக்கும் இல்ல. தூங்குது."

"தூங்குதுன்னா?"

"மருந்து குடுத்து படுக்க வெச்ச மாதிரி. சாகல. எழுந்திருக்கவும் இல்ல."

"எப்போதான் எழுந்திருக்கும்?"

"ராணி பாத்து ஒருத்திக்கு குடுத்தா எழுந்திருக்கும். இல்லன்னா, ஒருத்தி பிள்ளை இல்லாம செத்துட்டா மிச்சம் இருக்கிறவளுக்குத் தானா வந்துடும். எங்க ரெண்டு பேருக்கும் பிள்ளை இல்ல."

உண்மையைச் சொன்னால், அந்தக் கடைசி வாக்கியம் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. பொம்பளை எல்லாரும் ஒண்ணு என்பதிலேயே நான் நின்றுவிட்டேன். எங்கப்பா செத்த ஆறாம் மாசம் என் அண்ணன்மார் என்னைக் குதிரைவண்டியில் ஏற்றி நொத்தேர் ஆபீஸுக்குக் கூட்டிப் போனார்கள். அப்பா சொத்தில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, இனிமேலும் கேட்கமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதற்கு ஒரு பட்டுப்புடவை. நான் போட்டு முடிக்கிறவரை மூன்று அண்ணன்களும் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பத்திரத்தை எழுதியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அன்றைக்குத்தான் அவர் என்னை முதன்முதலாகப் பார்த்தார். அடுத்த மாசம் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். பத்திரத்தை அழகாக எழுதியிருந்தார், அதை நான் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் அடங்கவில்லை. அப்படிப்பட்டவளிடம், அறுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே வெள்ளைக்காரன் பெண்பிள்ளைகளையும் கணக்கில் சேர்த்திருக்கிறான் என்றால் வேறென்ன தோன்றும்? பட்டம் வந்தால் அக்கா அந்தச் சபையில் போய் உட்காரலாமா என்று ஆசையாகக் கேட்டேன்.

"பொம்பளைக்கு அங்க நாற்காலி கிடையாது. பேர் மட்டும்தான்."

"வெறும் பேருக்கா அக்கா இப்படி ஏங்கறாங்க?"

மதாமும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். அம்மா சீக்கிரம் போய்விட்டார். அதிலிருந்து அப்பாவின் பெரிய வீட்டைக் கட்டிக் காத்தவர் அக்கா. தங்கை நர்ஸ் வேலைக்கென்று கப்பல் ஏறிவிட்டார். அப்பா கடைசிக் காலத்தில் பல வருஷம் படுத்த படுக்கை. "நான் ஊரு பேரு தெரியாத ஆளுங்கள எல்லாம் கழுவித் தொடச்சேன். எங்கப்பாவ அவ கழுவினா" என்றார். அப்பா செத்ததும் வரி கட்ட வீட்டை விற்க வேண்டியதாயிற்று. அக்காவுக்கு மிச்சம் ஒரு மளிகைக்கடைக்கு மேலே இரண்டு அறை. அத்தனை வருஷம் அப்பாவுக்குப் பக்கத்தில் எஜமானியாக இருந்தவரை, மறுநாளிலிருந்து ஊர்க்காரர்கள் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திணறினார்களாம்.

"ஒரு நாளாவது அவ அந்தப் பேரோட காலைல எழுந்திருக்கணும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். அவருக்கென்று எதுவும் கேட்கவில்லை. தனக்குச் சேர வேண்டியதில் பாதியை எப்படித் தூக்கிக் கொடுப்பது என்றுதான் தவித்தார். நான் என் பங்கைக் கொடுத்தவள், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தவள். மனசார ஒருத்தர் கொடுக்கத் துடிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் இங்கிலீஷ் பாடத்துக்குப் போன என் வீட்டுக்காரரிடம் மதாம் முன்னாலேயே விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

"இதுக்கா இவ்ளோ கவலை? மதாம், இது எங்க தெனப்படி வேலை. உங்க பாகம் வேணாம்னு அக்கா பேருக்கு விட்டுக்குடுத்து ஒரு பத்திரம். நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும். மிச்சம் நான் பாத்துக்கறேன்."

பெண்களிடம் பங்கை விட்டுக்கொடுக்கிற கையெழுத்து வாங்கி வாங்கியே பழகிப்போன ஆபீஸ் அது. நொத்தேரும் யோசிக்கவில்லை. தங்கச்சி அக்காவுக்கு விட்டுக்கொடுக்கிறாள், இதில் என்ன சிக்கல் என்றார். அந்த மாதிரிப் பத்திரம் ஒன்றை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் உலகத்தில் எழுதியிருக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு வாரம் பிரெஞ்சு அகராதியும் கையுமாக இருந்தார். ராஜா அனுப்பிய ஓலையிலிருந்து ஆரம்பித்து, இன்னாரின் மகளாகிய நான், இன்ன பெயருள்ள பட்டத்தில் எனக்குள்ள சகல பாத்தியதையையும் என் மூத்த சகோதரிக்கு முழு மனதோடும் நிரந்தரமாகவும் விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி முடித்தார். அவர் வாழ்க்கையிலேயே சிறந்த பத்திரம் அதுதான். கையெழுத்து நாளில் மதாம் கஞ்சி போட்ட வெள்ளைக் கவுனும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தார். சிவப்பு அரக்கு உருகி முத்திரை விழுந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. திரும்பி வரும்போது மார்க்கெட்டில் மல்லிகைப்பூ வாங்கி என் தலையில் அவரே வைத்துவிட்டார்.

பத்திரம் கப்பல் தபாலில் போனது. மாசி மகத்துக்குச் சாமிகள் எல்லாம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த சமயத்தில் லண்டன் வக்கீலிடமிருந்து பதில் வந்தது. மதாம் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துத் தமிழில் சொன்னார். பத்திரம் ரொம்ப அழகாக இருக்கிறதாம். ஆனால் ஒன்றுக்கும் ஆகாதாம்.

"நொத்தேர் முத்திரை இருக்குதே" என்றார் என் வீட்டுக்காரர்.

"ராணி முத்திரை இருந்தாலும் ஆகாதாம். எனக்கு வேணாம்னு நான் சொல்லவே முடியாதாம். விக்க முடியாது, குடுக்க முடியாது, எழுதி வெக்க முடியாது. ரத்தத்துல இருக்குது."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடக்க முடியவில்லை. எத்தனை அண்ணன்மார் சுற்றி நின்றாலும் ஒரு பெண்ணிடமிருந்து கையெழுத்து வாங்கிப் பிடுங்க முடியாத சொத்து ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது. எனக்கு அந்தச் சட்டத்தைப் போட்டவனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. என் வீட்டுக்காரர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. தன் பத்திரம் ஒன்று செல்லாமல் போவது அவருக்கு மானம் போன மாதிரி.

சிரித்து முடித்த பிறகுதான் மதாம் முகத்தைப் பார்த்தேன். "இவ்ளோ மாசம் வீணாப் போச்சே" என்றார், எங்களிடம் இல்லை, தனக்குத்தானே. இரண்டு வருஷம் தாங்கினால் பெரிது என்று சொல்லப்பட்ட உயிர் அது.

என் வீட்டுக்காரர் தட்டுத் தடுமாறி இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டார். மதாம் அவர் தோளைத் தட்டி, "நீ நல்லா எழுதின. வக்கீல் அந்தப் பத்திரத்த அக்காகிட்ட குடுத்துட்டாரு. அக்கா அதுக்குக் கண்ணாடி போட்டு கட்டில் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கா. டெய்லி பாக்கறாளாம்" என்றார். அவர் மேல் ஒரு சொல் பழி போடவில்லை. வேறு யாராவது ஊரைக் கூட்டியிருப்பார்கள், நான் உட்பட.

வக்கீல் வேறொரு வழி சொல்லியிருந்தார். அக்கா ராணிக்கு மனுப் போட வேண்டும். தங்கை தனக்கு ஆட்சேபணை இல்லை என்று தெரிவிக்க வேண்டும். அந்த முதல் முன்னோர் தொடங்கி இவர்கள் வரை யார் யாருக்குப் பிறந்தார்கள், யார் வாரிசில்லாமல் செத்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் சாட்சி காட்ட வேண்டும். பெரிய மனிதர்கள் அதைப் பரிசீலித்துச் சொன்ன பிறகு ராணி மனசு வைக்க வேண்டும். மதாம் தன் பங்குக்கு எழுத வேண்டியதை அன்றைக்கே எழுதி, வெயிலில் நடந்து போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார். பிறகு காத்திருந்தோம். அறுநூறு வருஷத்துப் பிறப்பு இறப்பைத் தோண்டி எடுக்க நாளாகாதா? பாடம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் தினமும், "பதில் வந்துச்சா மதாம்?" என்று இங்கிலீஷில் கேட்பார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் பிழையில்லாமல் பேசினார்.

அந்த வருஷம் கார்த்திகை மழையில் மதாமுக்கு விஷ ஜுரம் வந்துவிட்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். படுத்துக்கொண்டே எனக்கு வார்டு உத்தரவெல்லாம் போட்டார், துணிய நனை, கால தூக்கி வை, நாடி பாரு என்று. ஜுரம் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் இப்ப போயிட்டா ரொம்ப நல்லது. மனு வேணாம், சாட்சி வேணாம். அக்கா காலைல கண்ணு முழிக்கும்போது பட்டம் வந்திருக்கும்."

மிளகாய் உலர்த்தின அன்றைக்கு என் மண்டையில் ஏறாதது அப்போதுதான் ஏறியது. அப்பா செத்த நாளிலிருந்து அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் அது படுத்திருக்கிறது. ஒருத்தி போனால்தான் இன்னொருத்திக்கு எழுந்திருக்கும். நான் கையெடுத்துக் கும்பிட நினைத்த சட்டம் இதுதானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாய மூடிக்கிட்டு கஞ்சிய குடிங்க" என்று கத்திவிட்டேன்.

குடித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜுரம்னு அக்காவுக்கு எழுதிடாத. பயந்துடுவா" என்றார்.

நான் தலையாட்டினேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு கெட்ட நினைப்பு. பயப்படுவாளா? எத்தனை பெரிய நல்லவளாக இருந்தாலும், இத்தனை வருஷம் ஏங்கின பெயர், தங்கைக்கு ஜுரம் என்று கேட்டால் மனசின் ஏதோ ஒரு மூலையில் ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்க்காதா? என் அண்ணன்மாரைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு அப்படித்தான் தோன்றும். மதாம் பிழைத்து எழுந்த பிறகும் அந்த நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை. முகம் தெரியாத அந்த அக்காவின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

அறுபத்தொன்றாம் வருஷம், வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம், எங்கள் தெருவில் மெட்ராஸ் நம்பர் போட்ட ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. கோட்டும் டையுமாக ஒரு வெள்ளைக்கார இளைஞன் இறங்கினான். மெட்ராஸில் இருக்கிற அவர்கள் நாட்டு ஆபீஸிலிருந்து வருவதாகச் சொன்னான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, லேடி இன்னார் வீடு இதுதானா என்று இங்கிலீஷில் கேட்டான். இன்னார் என்ற இடத்தில் அவன் சொன்னது மதாமின் பெயர் இல்லை. அந்தப் பட்டத்தின் பெயர்.

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். ராணி மனுவை ஏற்றுக்கொண்டிருந்தால் பட்டம் அங்கே இருக்கிற அக்காவுக்கு அல்லவா போயிருக்க வேண்டும்? அது கடல் தாண்டி முத்தியால்பேட்டையில் இருக்கிற தங்கையைத் தேடி வந்திருக்கிறது என்றால் அதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. அவன் வேறெதுவும் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

முன்பின் தெரியாத ஒருவன் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டு மதாம் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று மட்டும் எனக்குத் தோன்றியது. அவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் முதலில் படி ஏறினேன். மதாம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று படியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருந்தேன்.

"மதாம், மெட்ராஸ்லேர்ந்து ஒரு ஆள் வந்திருக்காரு" என்றேன். பிறகு, "உங்கள பட்டத்துப் பேரு சொல்லி கேக்கறாரு."

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். துணியை மடித்தார். "எங்க அக்கா போயிட்டா" என்றார்.

நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க ஊரார் சாவையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், யாருக்காக என்று தெரியாமல்.

அந்த இளைஞன் மேலே வந்து தலை குனிந்து விவரம் சொன்னான். தூக்கத்திலேயே போய்விட்டாராம். இப்படிப்பட்ட செய்தியைத் தந்தியில் சொல்வது மரியாதை இல்லை, இனி இவர் பட்டத்துக்கு உரியவர் என்று வக்கீல்கள் நினைத்ததால் நேரில் அனுப்பினார்களாம். மனு இன்னும் பரிசீலனையில்தான் இருந்ததாம். மதாம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று. அவனுக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது அவன் மறுபடியும் லேடி என்று அந்தப் பெயரைச் சொன்னான். அந்தப் பெயர் எனக்கு வேண்டாம், இந்தத் தெருவில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்றார் மதாம். அது உங்கள் விருப்பத்தில் இல்லையே என்று அவன் பாவம், மெதுவாகச் சொன்னான். நல்ல பையன்தான். வியர்வையில் கோட்டெல்லாம் நனைந்திருந்தது.

இதற்குள் கீழே கார் டிரைவர் தெருவையே கூட்டிவிட்டான். மதாமுக்கு ராணி மாதிரி ஒரு பட்டம் வந்திருக்கிறதாம். பெண்கள் குங்குமமும் கல்கண்டும் பூவுமாக வந்து நின்றார்கள். எதிர்வீட்டில் ஒரு மீன்காரம்மா உண்டு, விடியற்காலையில் குப்பத்திலிருந்து கூடை எடுத்து வந்து தெருத்தெருவாக விற்கிறவர். அவர்தான் முன்னால் நின்றார்.

"மதாமுக்கு பட்டம் வந்துச்சாமே?"

"வந்துச்சிம்மா. அக்கா செத்து வந்துச்சி" என்றேன்.

ஒருத்தர்கூட விளக்கம் கேட்கவில்லை. மீன்காரம்மா கல்கண்டை அப்படியே மடியில் கட்டிக்கொண்டார். மற்றவர்கள் பூவைத் திண்ணையின் மேலே வைத்துவிட்டார்கள். பேசாமல் மேலே ஏறிப் போய் மதாமைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். லேடி என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. கூடப் பிறந்தவள் செத்துப்போனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அந்தத் தெருவை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவர்கள் காலில் விழலாம் போல் இருந்தது.

துக்க வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டிலிருந்துதான் எல்லாம் வர வேண்டும். மீன்காரம்மா தன் வீட்டுக்குப் போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மதாம் கையில் கொடுத்தார்.

"தொண்டைய நனைச்சுக்கோ மதாம். காலைலேர்ந்து ஒண்ணும் குடிக்கல."

மதாம் சொம்பை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார். "காய்ச்சினதா?" என்று கேட்டார்.

மீன்காரம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எங்க கிணத்துத் தண்ணி மதாம். சுத்தமா இருக்கும்."

"கோச்சுக்காத. குடிச்சா எங்க அக்கா திட்டுவா" என்றார் மதாம். சொம்பைக் கீழே வைக்கவில்லை. "எந்த லெட்டர் எழுதினாலும் கடைசி வரி அதான். தண்ணிய காய்ச்சிக் குடி. கொசுவலை கட்டிப் படு. உடம்புக்கு வந்தா மறைக்காத. நான் நர்ஸு, எனக்குச் சொல்றா. அப்பா செத்தப்புறம் இன்னும் ஜாஸ்தி. வாரா வாரம். ஒரு வாரம்கூட விடல."

பெண்கள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நல்ல அக்கா என்றார் யாரோ. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கு அதற்கு மேலே தெரியும். தங்கை செத்தால் மறு நிமிஷம் அந்தப் பெயர் தனக்கு என்று தெரிந்தவள். ஒரு மளிகைக்கடைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, அந்தப் பெயருக்காக ஏங்கி ஏங்கி, வாரா வாரம் தண்ணியைக் காய்ச்சிக் குடி என்று எழுதியிருக்கிறாள். ஜுரத்தன்றைக்கு நான் நினைத்த நினைப்பு என் முகத்தில் வந்து அறைந்தது. பட்டத்துக்குப் பிறந்தவள் என்றால் அவள்தான், ராணி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.

மதாம் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன். அடுப்பைப் பற்ற வைத்து அந்தத் தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சினேன். துக்க வீடு என்று யாரும் தடுக்கவில்லை.